கேமும் படமும் இணையமும் ஒரே டிவியில்: குமரி மாவட்டத்து வீடுகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய டிவி வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், சொந்தத்திலும் பக்கத்து வீடுகளிலும் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளுக்கு இப்படிப் பலமுறை போய்வந்ததில், எல்லா வீடுகளிலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தது. பையனுக்கு கேம், பெற்றோருக்குப் படம், எல்லோருக்கும் பெரிய திரையில் இணையம். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரே டிவி மூன்றுக்கும் சரிவருமா?

வரும். ஆனால் மூன்றும் டிவியிடம் கேட்பது ஒன்றல்ல. கேமுக்கு வேகம் வேண்டும். படத்துக்குக் கறுப்பு கறுப்பாகவே தெரிய வேண்டும். இணையத்துக்கு எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். முதல் இரண்டைப் பற்றி விற்பனையாளர்கள் நிறையவே சொல்வார்கள். எழுத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் நான் கடைக்குள் நுழைந்ததும் முதலில் எழுத்தைத்தான் பார்ப்பேன். படத்தில் தெரியாத குறைகள் பல எழுத்தில் உடனே தெரிந்துவிடும்.

எத்தனை இன்ச் எடுக்கலாம்?

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் டேப் வைத்து ஒன்றை அளந்துகொள்ளுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உங்கள் கண் எங்கே இருக்குமோ, அங்கிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை உள்ள தூரம். திரையின் அகலம் நம் பார்வையில் 30 முதல் 40 டிகிரி வரை பிடித்தால் படத்துக்கும் கேமுக்கும் நன்றாக இருக்கும். அந்தக் கணக்கில் 55 இன்ச்சுக்கு ஐந்தரை முதல் ஏழரை அடி, 65 இன்ச்சுக்கு ஆறரை முதல் ஒன்பது அடி, 75 இன்ச்சுக்கு ஏழரை முதல் பத்து அடி.

நம் ஊர் வீடுகளில் சோபாவுக்கும் சுவருக்கும் ஒன்பது பத்து அடி இருந்தால் 65 இன்ச் தாராளமாக எடுக்கலாம். ராத்திரி பாய் விரித்துத் தரையில் படுத்துப் பார்க்கிற வீடு என்றால் அந்தத் தூரத்தையும் சேர்த்து யோசியுங்கள்.

கடையின் பெரிய கூடத்தில் 65 இன்ச் சின்னதாகத் தெரியும், வீட்டுக்கு வந்ததும் சுவரையே விழுங்கிவிடும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 65 இன்ச் திரை சுமார் 144 செ.மீ. அகலம், 81 செ.மீ. உயரம். (55 என்றால் 122க்கு 68, 75 என்றால் 166க்கு 93.) பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டி, சுவரில் இரண்டு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு, பேசி, படுத்து எழட்டும். அளவு சரியா இல்லையா என்பது அதற்குள் தானாகத் தெரிந்துவிடும்.

எழுத்துத் தெளிவைக் கடையில் எப்படிப் பார்ப்பது?

வீட்டு லேப்டாப்பையும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் (படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுபோகும் கேபிள்) எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பெரிய தொகை கொடுத்து வாங்குகிறீர்கள். லேப்டாப்பில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். தமிழ் எழுத்து இதற்கு மிக நல்ல சோதனை: ‘ணை’, ‘ஞ்சு’, ‘ஸ்ரீ’ மாதிரி வளைவும் சுழியும் உள்ள எழுத்துகளில் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் அடைபடாமல் தெரிய வேண்டும். அப்புறம் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தாக ஒரு வரி தட்டச்சு செய்து பாருங்கள். ஓரம் கலங்கித் தெரிந்தால், நிறத் தகவல் முழுமையாக வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

காரணம் இதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறம் அனுப்புவதை 4:4:4 என்பார்கள். சினிமா, ஸ்ட்ரீமிங் எல்லாம் 4:2:0 முறையில் வருகின்றன. அதில் பக்கத்துப் பக்கத்து நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான். முகத்திலும் மலையிலும் அது கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய வண்ண எழுத்தில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் 4:4:4 அனுப்பினாலும் சில டிவிகள் அதை உள்ளே குறைத்துவிடுகின்றன. சாம்சங், எல்ஜி டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் 4:4:4 முழுதாக வரும். இதை மாற்றாமலே ‘டிவியில் எழுத்து நன்றாக இல்லை’ என்று ஒதுக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

இன்னும் மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும். ஷார்ப்னஸைக் குறையுங்கள், பெரும்பாலான டிவிகளில் 0 அல்லது அதற்குப் பக்கத்தில் வைத்தால்தான் எழுத்தைச் சுற்றி வரும் வெள்ளைக் கோடு போகும். பட அளவை ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தின் ஓரம் வெட்டுப்பட்டு எல்லாமே கொஞ்சம் மங்கும். மூன்றாவது, உங்கள் லேப்டாப் பழையதென்றால் அதன் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம். அது 4கே படத்தை (குறுக்கே சுமார் நான்காயிரம் புள்ளிகள் உள்ள படம்) விநாடிக்கு 30 தடவைதான் அனுப்பும், மவுஸ் இழுத்து இழுத்து நகரும். அது டிவியின் குறை அல்ல.

டிவியிலேயே பிரவுசர் இருக்கிறதே, அது போதாதா?

ஒரு செய்தியைப் படிக்க, மின் கட்டணத்தைப் பார்க்கப் போதும். டிவிக்குள் ஓடும் மென்பொருளான சாம்சங்கின் டைசனிலும் எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸிலும் பிரவுசர் கூடவே வருகிறது. ஆனால் ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, டிவியின் சிப்புக்கும் கனமான பக்கங்களைத் திறக்கும் பலம் கிடையாது. பிள்ளைகள் படிக்க, விண்ணப்பம் நிரப்ப, பத்து டேப் திறந்து வைக்க வேண்டுமென்றால் ஒரு சின்ன மினி பிசியோ பழைய லேப்டாப்போ டிவியின் பின்னால் இருக்கட்டும். டச்பேட் சேர்ந்த வயர்லெஸ் கீபோர்டு ஒன்று சோபாவில் இருக்கட்டும். விண்டோஸில் எழுத்து அளவை 200 சதவீதமோ அதற்கு மேலோ வைத்தால் ஒன்பது அடியிலிருந்து கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம்.

பெட்டியில் 120 என்று எழுதியிருக்கிறது. அது 120 ஹெர்ட்ஸ் தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஹெர்ட்ஸ் என்பது திரை விநாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கும் என்ற கணக்கு. இதில் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். தம்பி மகனுக்காக எடுத்த டிவியில் 120 என்று பெரிதாகப் போட்டிருந்தது. வீட்டில் வந்து பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கன்சோல்) மாட்டிப் பார்த்தால் 60-க்கு மேல் போகவில்லை. அந்த 120, அசைவை மென்மையாகக் காட்டும் மென்பொருளின் பெயரோடு வந்த எண். பேனல், அதாவது திரை, 60 ஹெர்ட்ஸ் தான். பையன் ஒன்றும் சொல்லவில்லை, அவன் முகம் வாடியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் ‘மோஷன்’, ‘எம்இஎம்சி’ போன்ற சொற்களோடு வரும் எண்ணை விட்டுவிடுங்கள். பேனலின் ‘நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட்’ எவ்வளவு என்று கேளுங்கள். கையில் லேப்டாப் இருக்கிறதே, அதில் எச்டிஎம்ஐ 2.1 இருந்தால் விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்து 4கே-யில் 120 வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தால் நம்பலாமா?

அந்தப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 2.1-இல் பல வசதிகள் கட்டாயமில்லை, விருப்பம்தான். அதனால் 4கே 120 இல்லாத போர்ட்டுக்கும் அந்தப் பெயர் போட முடிகிறது. பழைய 2.0-இன் வேகம் 18 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிகாபிட் தகவல்), 4கே 60 வரை தாங்கும். 2.1-இன் முழு வேகம் 48 ஜிபிபிஎஸ். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: 4கே 120 எந்தெந்த போர்ட்டில் வரும்? விஆர்ஆர் உண்டா? ஏஎல்எல்எம் உண்டா?

விஆர்ஆர் என்றால் கேம் எந்த வேகத்தில் பிரேம் (ஒவ்வொரு தனிப் படம்) கொடுக்கிறதோ அதே வேகத்துக்கு டிவியும் மாறிக்கொள்ளும், படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரியாது. ஏஎல்எல்எம் என்றால் கேம் தொடங்கியதும் டிவி தானே கேம் மோடுக்குப் போய்விடும். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் இவற்றைப் பயன்படுத்தும்.

பல மாடல்களில் நான்கு போர்ட்டில் இரண்டில்தான் 4கே 120 வரும், அதில் ஒன்றே இஆர்க் போர்ட்டாகவும் (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் போர்ட்) இருக்கும். சவுண்ட்பாரை அதில் மாட்டினால் கேமுக்கு மிஞ்சுவது ஒன்றுதான். பிஎஸ்5-உம் கேமிங் பிசியும் இரண்டுமே இருக்கிற வீட்டுக்காரர்கள் இதை முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். கேபிளும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்று சான்று ஒட்டியதாக இருக்க வேண்டும்.

வீட்டில் பிஎஸ்4 தான் இருக்கிறது. 120 வேண்டுமா?

வேண்டாம். நல்ல 60 ஹெர்ட்ஸ் பேனல், நல்ல கேம் மோடு போதும். கேம் மோடுதான் முக்கியம். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையில் ஆகும் நேரத்தை அதுதான் குறைக்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கே 16.7 மில்லி செகண்ட் ஆகிறது. கேம் மோடு போடாத டிவி படத்தை மெருகேற்றிக்கொண்டிருப்பதில் 100 மில்லி செகண்டைத் தாண்டுவதும் உண்டு. பையன் ‘நான் முதலிலேயே அடித்தேன்’ என்று சொல்வது பொய்யில்லை.

ஓஎல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி. எதை எடுப்பது?

ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. ராத்திரி விளக்கை அணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு அதற்கு ஈடு இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது. ஆனால் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் படம், உதாரணமாக செய்திச் சேனலின் கீழ்ப்பட்டை, விண்டோஸின் டாஸ்க்பார், நாள்கணக்கில் மணிக்கணக்காக இருந்தால் தடம் பதிந்துபோகும் ஆபத்து உண்டு. காலையிலிருந்து ராத்திரி வரை தமிழ் செய்தியும் மலையாளச் செய்தியும் மாறி மாறி ஓடுகிற வீடு நம் பக்கம் எத்தனையோ. அந்த வீட்டுக்கு நான் ஓஎல்இடி சொல்ல மாட்டேன்.

ஓஎல்இடி எடுத்தவர்களுக்கு இன்னொன்று. ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைக்கிற நல்ல பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எல்ஜி ஓஎல்இடி, மொத்தம் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் புள்ளிகளைச் சரிசெய்யும் வேலையைத் தானே செய்யும். அதற்குச் சில நிமிடங்கள் கரண்டு வேண்டும். கால் மணி நேரம் கழித்து சுவர் சுவிட்சை அணையுங்கள்.

க்யூஎல்இடி என்பது எல்சிடி தான், அதாவது பின்னால் விளக்கு வைத்த திரை. நிறத்தைக் கூட்ட க்வான்டம் டாட் என்ற படலம் சேர்த்திருக்கிறார்கள். பெயர் ஓஎல்இடி போலவே ஒலிப்பதால் குழம்ப வேண்டாம். மினி எல்இடியும் எல்சிடி தான், ஆனால் பின்விளக்கை நிறையச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியாக மங்கவைக்க முடியும். வெளிச்சம் அதிகம். மேற்கே ஜன்னல் வைத்த ஹால், சிட்அவுட் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும் வீடு, இவற்றுக்கு மினி எல்இடிதான் என் முதல் விருப்பம். மூன்று வேலைக்கும் பொதுவாக ஒன்று சொல் என்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

எல்சிடியில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை பேனல் உண்டு. விஏவில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ்ஸில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி, ஆனால் இருட்டுக் காட்சி சாம்பல் பூத்தது போல இருக்கும். குடும்பமே ஹால் முழுக்கப் பரந்து உட்காரும் வீடா, இரண்டு பேர் நேராக உட்காரும் வீடா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

8கே எடுத்தால் நாளைக்கும் உதவுமே?

வேண்டாம். 8கே-யில் 4கே-யைவிட நான்கு மடங்கு புள்ளிகள். ஆனால் 65 இன்ச்சில் ஒன்பது அடியிலிருந்து 4கே-யின் புள்ளிகளையே கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அந்தப் பணத்தை நல்ல பேனலில் போடுங்கள்.

படம் பார்க்கும்போது எல்லாம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு தெரிகிறது. ஏன்?

சினிமா விநாடிக்கு 24 பிரேம். நடுவில் இல்லாத பிரேம்களை டிவி தானாகச் செய்து சேர்க்கிறது, அதுதான் அந்த வழுக்கல். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ இருந்தால் ஒரே சொடுக்கில் வேலை முடியும். 120 ஹெர்ட்ஸ் பேனலுக்குப் படத்திலும் ஒரு பயன் இருக்கிறது: 120-ஐ 24-ஆல் மீதியில்லாமல் வகுக்கலாம், ஒவ்வொரு பிரேமையும் சரியாக ஐந்து தடவை காட்டலாம். 60 ஹெர்ட்ஸில் ஒன்றை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் காட்டுவதால் கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் லேசாகத் தடுக்கும்.

கடையில் போட்டிருக்கும் ‘விவிட்’ மோடை வீட்டில் வைக்காதீர்கள். தோலெல்லாம் மஞ்சளும் சிவப்பும் அப்பியது போல ஆகிவிடும். டால்பி விஷன் (காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் முறை) கட்டாயம் வேண்டுமென்பவர்கள் சாம்சங் டிவிகளில் அது கிடையாது, அதே மாதிரி வேறொரு முறையான எச்டிஆர்10+ தான் உண்டு என்று தெரிந்து போங்கள். பிஎஸ்5-உம் டால்பி விஷன் அனுப்பாது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் அனுப்பும்.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. சித்திரை, வைகாசி கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மாலை நேர இடி பலமாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு ஐப்பசி மாலை இடி தொடங்கியதும் டிவியின் பிளக்கைப் பிடுங்கினோம். மாடியிலிருந்து இறங்கும் டிஷ் வயரை மறந்துவிட்டோம். அது வழியாக வந்தது செட்டாப் பாக்ஸையும் டிவியின் ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டையும் கொண்டுபோய்விட்டது.

அதனால் பிளக், டிஷ் வயர், லேன் வயர் மூன்றையும் கழற்ற வேண்டும், அதுவும் இடி தூரத்தில் கேட்கும்போதே. தலைக்கு மேல் இடிக்கும்போது வயரைத் தொடாதீர்கள். சர்ஜ் புரொடெக்டர் சின்னச் சின்ன அதிர்ச்சிக்கு உதவும், நேரடி மின்னலைத் தடுக்காது. வீட்டில் எர்த் சரியாக இல்லையென்றால் அதுவும் வேலை செய்யாது. டிவி வாங்கும் வாரத்திலேயே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள்.

கரண்டு போனால் இன்வெர்ட்டரில் ஓடுமா?

65 இன்ச் எல்இடி ஒன்று சுமார் 150 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். சைன் வேவ் வகையாக இருந்தால் நல்லது. பிஎஸ்5 கேம் ஓடும்போது தனியாக 200 வாட் அளவுக்கு இழுக்கும், அதனால் கரண்டு இல்லாத நேரத்தில் படத்தோடு நிறுத்திக்கொள்வது பேட்டரிக்கு நல்லது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் அடித்த பிறகு மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு, இன்வெர்ட்டரில் மிச்சமிருக்கும் கரண்டு விளக்குக்கும் போனுக்கும்தான் முதலில் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் வீடு. உப்புக் காற்று கெடுக்குமா?

கெடுக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே டிவியை மாட்டாதீர்கள்: உப்பும் உள்ளே போகும், வெளிச்சமும் திரையில் அடிக்கும். பயன்படுத்தாத போர்ட்டுகளை ரப்பர் மூடியால் அடையுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் மூடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் போகும். திரையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள்.

ஓணம் ஆஃபருக்குத் திருவனந்தபுரம் போய் எடுக்கலாமா?

மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் போவது வழக்கம்தான். இந்தியாவில் விற்ற டிவிக்குக் கம்பெனி வாரன்டி இந்தியா முழுக்கச் செல்லும். வரியும் எங்கும் ஒன்றுதான்: 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். எங்கே எடுத்தாலும், சர்வீஸ் ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா என்று கேளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி விலையைவிட முக்கியம். வாரன்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள்.

மாமா வளைகுடாவிலிருந்து வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா?

முன்பு அது லாபம். தட்டைத் திரை டிவிக்கு இருந்த வரியில்லாச் சலுகையை 2013 ஆகஸ்டில் அரசு எடுத்துவிட்டது. வரி, விமானத்தில் உடையும் பயம், இங்கே செல்லாத வாரன்டி எல்லாம் சேர்த்தால் இங்கேயே எடுப்பது நல்லது. மாமாவைக் கன்சோல் வாங்கி வரச் சொல்லுங்கள், அதற்கும் அப்போதைய சுங்க விதியைப் பார்த்துக்கொண்டு.

டிவி வீட்டுக்கு வரும் நாளில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

வண்டியில் நிமிர்த்தி வைத்துத்தான் வர வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்தால், நம் சாலைப் பள்ளங்களில் பேனல் விரிசல் விடலாம். கொண்டுவந்தவர்கள் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து, அதைப் போனில் வீடியோ எடுத்து, டிவியை ஓடவிட்டு முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு என்று திரையை நிரப்பிப் பாருங்கள். விரிசலோ செத்த புள்ளியோ இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். சுவரில் மாட்டும்போது, உட்கார்ந்த நிலையில் உங்கள் கண் மட்டம் திரையின் நடுவுக்குப் பக்கத்தில் வரட்டும். கதவு நிலைக்கு மேல் மாட்டினால் கழுத்து வலி நிச்சயம். பழைய வீட்டில் பூச்சு உதிர்கிற சுவரென்றால் நீளமான ஆங்கர் கேளுங்கள், இல்லையேல் மேசையில் வையுங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் வாரன்டி முடியும்வரை மச்சில் போட்டுவையுங்கள். டிவியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், அதற்குள் வைத்துத்தான் பத்திரமாகக் கொண்டுபோக முடியும்.